மீன் தொட்டியில் நத்தை பெருகினால் என்ன செய்வது?



நத்தை என்றதும் நமக்கு வயலும் வரப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். இன்று பேசப்போவது வீட்டுக்குள்ளே வருகிற நத்தையைப் பற்றி. கூடத்திலே அழகுக்காக வைத்திருக்கிற கண்ணாடி மீன் தொட்டியில், கூப்பிடாத விருந்தாளியாக வந்து குடியேறுகிறதே, அந்தச் சின்ன நத்தையைப் பற்றி.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? குழந்தைகள் பார்த்துச் சந்தோஷப்பட வைத்த தொட்டிதானே" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வண்ண மீன் வளர்ப்பு இன்றைக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. சென்னை கொளத்தூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் அன்றாடச் சோறு. கிராமங்களிலும் கொல்லைப்புறத்தில் இரண்டு சிமென்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, தங்கமீன் என்று வளர்த்து விற்கிற பெண்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தொட்டி மீன் போனால் ஒரு மாத உழைப்பு போன மாதிரி.

அப்படிப் போன ஒரு தொட்டியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊரில் ஓர் அம்மா நான்கு சிமென்ட் தொட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 3 அடி அகலம். தண்ணீர் 1 அடி நிற்கும். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு தொட்டிகளில் நத்தை மண்டிவிட்டது. மீன் வாங்க வந்த வியாபாரி வலையை விட்டுத் தூக்கிப் பார்த்தார். மீனைவிட நத்தைதான் அதிகம் வந்தது. "என்னம்மா இது, இப்படி நத்தையும் மீனுமா இருந்தா நான் எப்படி எடுக்கிறது? சுத்தம் பண்ணி வைங்க, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வெற்றிலைக் கொடிக்குப் போர்டோ கலவை தயாரிக்க வீட்டில் மயில்துத்தம் வைத்திருந்தார்கள். மயில்துத்தம் நத்தையைக் கொல்லும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு தேக்கரண்டி எடுத்துக் கரைத்து ஒரு தொட்டியில் ஊற்றிவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்து பார்த்தால் மோலி மீன் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது! "நத்தையைக் கொல்லப் போய் மீனைக் கொன்னுட்டேன் அண்ணே" என்று அவர் என்னிடம் வந்து சொன்னபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

வேதனை அதோடு முடியவில்லை. தொட்டியை இறைத்து, புதுத் தண்ணீர் விட்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், அடிமணலிலிருந்து நத்தை மறுபடி ஊர்ந்து வருகிறது. மீன் போய்விட்டது, நத்தை இருக்கிறது. இது ஏன் நடந்தது என்று தெரிந்துகொண்டால், நத்தையை எப்படி அடக்குவது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

எந்த நத்தை என்று முதலில் பாருங்கள்

நம் வீட்டுத் தொட்டிகளில் சாதாரணமாக வருகிற நத்தைகள் மூன்று நான்கு வகைதான்.

ஒன்று, தட்டையாகச் சுருண்டு, பார்ப்பதற்கு ஆட்டுக்கடா கொம்பு மாதிரி இருக்கும். இதன் இரத்தம் சிவப்பு. அதனால் சில நத்தைகளின் உடம்பே சிவந்து தெரியும். இரண்டாவது, பொட்டுக்கடலை அளவில், மெல்லிய ஓட்டோடு, கண்ணாடிமேல் விறுவிறுவென்று ஓடுகிற நத்தை. கூர் முனை மேலே இருக்கும்படி ஓட்டை நிமிர்த்திப் பிடித்தால், இதன் வாய் இடப்பக்கம் இருக்கும். மற்ற பெரும்பாலான நத்தைகளுக்கு வலப்பக்கம். மூன்றாவது, நீண்டு கூம்பி, பம்பரத்து ஆணி மாதிரி முனை கூர்ந்தது. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில் வெளியே வரும். நான்காவது, நம் வயல்களில் கிடைக்கிற பெரிய நத்தை, சில ஊர்களில் ஊமச்சி என்று சொல்வார்களே, அது. குளத்துத் தண்ணீர், ஆற்று மணல் எடுத்து வந்தால் இதுவும் கூட வந்துவிடும். செடியைத் தின்று தீர்ப்பதில் இதற்கு இணை கிடையாது. நல்லவேளை, இது கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருப்பதால் கையாலேயே எடுத்துவிடலாம்.

முதல் இரண்டு வகைகளிலும் ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கும். ஜோடி இல்லாமலேகூட முட்டையிடக் கூடியவை. செடி இலையின் அடியிலும் கண்ணாடியிலும், ஜவ்வரிசிக் கஞ்சித் துளி ஒட்டிக்கொண்ட மாதிரி வழுவழுப்பாக ஒரு கட்டி தெரிந்தால், அதுதான் முட்டை. நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்துவிடும். மூன்றாவது வகை முட்டையிடுவதே இல்லை. பெண் நத்தை ஆண் துணையில்லாமலே நேராகக் குட்டி போடும். அதனால் தொட்டிக்குள் ஒரே ஒரு நத்தை வந்தாலும் போதும், ஒரு குடும்பமே வந்த மாதிரி. "ஒண்ணே ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டவர்கள் பிறகு கிண்ணம் கிண்ணமாக அள்ளியது உண்டு.

இந்த மூன்றாவது வகைக்கும் ஊமச்சிக்கும் ஓட்டின் வாயில் ஒரு மூடி இருக்கிறது. தண்ணீர் கெட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த அம்மாவின் தொட்டியில் மணலுக்குள் தப்பிப் பிழைத்தது இந்த மூடிக்காரன்தான்.

மயில்துத்தம் ஏன் மீனைக் கொன்றது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 அடி, 3 அடி, 1 அடி பெருக்கினால் 18 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். ஆக, தொட்டியில் சுமார் 500 லிட்டர் தண்ணீர். ஒரு தேக்கரண்டி மயில்துத்தம் 5 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. மீனுக்கு இது கொடிய விஷம். மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் மீனின் செவுளைத்தான் முதலில் தாக்கும். செவுள் கெட்டால் மூச்சு ஏது? உப்புச் சத்து குறைந்த மென்மையான தண்ணீரில் இந்த விஷத்தின் வேகம் இன்னும் கூடும்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நிலைமை இன்னும் மோசம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி கொள்வது 56 லிட்டர்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று போட்டாலும் மொத்தம் 56 மில்லிகிராம் போதும். இரண்டு விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகை அதைப்போலப் பல மடங்கு இருக்கும். எந்த வீட்டில் இவ்வளவு நுணுக்கமான தராசு இருக்கிறது, சொல்லுங்கள்! ஆகவே மயில்துத்தத்தைக் கையில் எடுக்காதீர்கள். இறால், அழகுக்கு வளர்க்கும் நத்தை இருக்கிற தொட்டியில் தாமிரம் கலந்த எந்த மருந்தும் கூடவே கூடாது.

இரண்டாவது ஆபத்து ஒன்று உண்டு. மருந்தால் நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே இரவில் செத்தால் அத்தனையும் தண்ணீருக்குள்ளேயே அழுகும். அழுகும்போது அம்மோனியா உண்டாகும், பிராணவாயு குறையும். மருந்துக்குத் தப்பிய மீனும் இதில் மாட்டிக்கொள்ளும். மேலும், மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தீங்கில்லாததாக மாற்றுகிற நல்ல நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வாழ்கின்றன. மருந்து அவற்றையும் விட்டுவைப்பதில்லை.

கல் உப்புப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். மணலில் புதைகிற அந்தக் கூம்பு நத்தை உவர்நீரிலும் வாழக்கூடியது. அதை ஒழிக்கிற அளவுக்கு உப்புப் போட்டால் அதற்கு முன்னால் செடி போய்விடும்.

நத்தை எதைத் தின்று பெருகுகிறது?

இதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான இடம். கவனமாகக் கேளுங்கள்.

நத்தைக்கென்று நாம் தனியாகச் சாப்பாடு போடுவதில்லை. அது தின்பது பாசி, அழுகிய இலை, செத்த மீன், எல்லாவற்றுக்கும் மேலாக மீன் தின்றது போக மீந்த தீவனம். மீதி அதிகமாக இருந்தால் நத்தை அதிகமாக முட்டையிடும். குஞ்சுகளும் பிழைக்கும். மீதி குறைந்தால் முட்டை குறையும். பத்து நத்தை இருந்த தொட்டியில் ஐந்நூறு நத்தை ஆனால், அத்தனை நத்தைக்கு ஆகிற சாப்பாட்டை நாம்தான் தினமும் போட்டு வந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அந்த அம்மாவிடம் "தீவனம் எப்படிப் போடுறீங்கம்மா?" என்று கேட்டேன். "காலையில ஒரு கை, மத்தியானம் ஒரு கை, சாயந்திரம் ஒரு கை. பாவம், வாயில்லா ஜீவன், பசிக்குமே!" என்றார். பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இன்னும் வேடிக்கை. பள்ளிக்கூடம் போகுமுன் பையன் ஒரு தடவை, வந்ததும் பெண் ஒரு தடவை, இரவில் தாத்தா ஒரு தடவை. யார் போட்டார், யார் போடவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. மீனுக்குப் போட்டதில் பாதி நத்தைக்கு.

ஆகவே முதல் வேலை தீவனக் கையைச் சுருக்குவது. வளர்ந்த மீனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள். அடியில் விழுந்து கிடந்தால் மறுவேளை அளவைக் குறையுங்கள். வாரத்தில் ஒரு நாள் தீவனம் நிறுத்தினாலும் நல்ல உடம்புள்ள வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் ஒருவர் மட்டும் தீவனம் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, மீன் குஞ்சுகளுக்கு இந்தப் பட்டினிக் கணக்குப் பொருந்தாது. அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போடத்தான் வேண்டும். குஞ்சுத் தொட்டியில் மீதியை அன்றன்றைக்கே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை, வாரம் ஒரு முறை அடிமணலைக் கிளறி, குழாய் வைத்து, மண்டியோடு கால் பங்குத் தண்ணீரை வெளியேற்றுவது. வாயால் உறிஞ்ச வேண்டாம். குழாய் நிறையத் தண்ணீர் பிடித்து, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறு முனையைக் கீழே வாளியிலும் விட்டால் தானாக இறங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள். பழுத்த இலைகளைக் கிள்ளி எடுங்கள். வெயில் நேராக விழுந்தால் பாசி கூடும், பாசி கூடினால் நத்தை கூடும். தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இருக்கிற நத்தையை எப்படிப் பிடிப்பது?

ஒரு சின்னத் தட்டில் வெள்ளரிக்காய்த் துண்டோ முட்டைகோஸ் இலையோ வையுங்கள். பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவி, ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்தால் மிதக்காமல் அடியில் தங்கும். இரவு விளக்கை அணைக்கும்போது இறக்கி வைத்து, காலையில் எழுந்ததும் தட்டோடு தூக்கிவிடுங்கள். நத்தை மொய்த்துக்கொண்டிருக்கும். காய் மட்டும் தொட்டியிலேயே கிடந்து அழுகிவிடக் கூடாது. வாரத்தில் மூன்று நான்கு இரவு இப்படிச் செய்யலாம். கண்ணாடியில் ஒட்டியுள்ள முட்டைக் கட்டிகளைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யவேண்டிய வேலை இது. ஒரே நாளில் ஒழிப்பேன் என்று கிளம்பினால் அந்த அம்மாவுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேரும்.

நத்தை தின்னும் மீன் இருக்கிறதே, அதை விடலாமா என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. வட இந்திய ஆறுகளில் உள்ள போட்டியா என்ற மீன், நம் அயிரைக்கு உறவு, நத்தையை உறிஞ்சித் தின்னும். ஆனால் அது அரை அடி வரை வளரும், கூட்டமாக இருக்க விரும்பும், சிறிய தொட்டி அதற்குப் போதாது. கேரளத்து நீர்நிலைகளில் விரல்நுனி அளவுள்ள குள்ளப் பேத்தை மீன் ஒன்று உண்டு. நத்தைக்கு எமன். கூட இருக்கிற மீன்களின் துடுப்பையும் வாலையும் கடித்துக் குதறிவிடும். இயற்கையில் எண்ணிக்கை குறைந்து வருகிற மீனும்கூட. நத்தைக்காக ஒரு மீனை வாங்கி, பிறகு அந்த மீனோடு மல்லாடுவானேன்?

வரும் வழியை அடையுங்கள்

நத்தை வானத்திலிருந்து குதிப்பதில்லை. பெரும்பாலும் செடியோடுதான் வருகிறது. வேலம்பாசி வாங்கினால், ஒவ்வொரு தண்டாக, இலைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துக் கழுவலாம். இது சின்ன நத்தையை அகற்றும். ஆனால் வழுவழுப்புக்குள் இருக்கிற முட்டை தப்பிவிடலாம். ஆகவே செடியைத் தனி வாளியில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, பொரித்து வருகிற குஞ்சு நத்தைகளைப் பொறுக்கிவிட்டுப் பிறகு தொட்டியில் நடுவதே சிறந்தது. மீன் வாங்கி வந்த பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல், மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். ஒரு தொட்டிக்குப் பயன்படுத்திய வலையைக் காயவைக்காமல் அடுத்த தொட்டிக்குப் போடாதீர்கள். குளத்திலிருந்து உயிர்த்தீவனம் அள்ளி வருவோரும் இதைக் கவனிக்கவேண்டும்.

கொல்லையில் திறந்த தொட்டி வைத்திருப்போருக்கு இன்னொன்று. சில நத்தைகளின் உடம்பில் தட்டைப்புழுக்கள் ஒரு பருவத்தைக் கழிக்கின்றன. ஆடுமாடுகளுக்கு வரும் ஈரல் புழு, மாட்டுக்கு மூக்கடைப்பு உண்டாக்கும் இரத்தப் புழு ஆகியவை நத்தை வழியாகப் பரவுபவை. மீனைத் தாக்கும் புழுக்களும் இருக்கின்றன. அவற்றில் பல, நத்தை, மீன், மீன் தின்னும் பறவை என்று மூன்று வீடு மாறுபவை. வீட்டுக்குள் இருக்கிற தொட்டிக்குப் பறவை வராததால் அங்கே இந்தச் சுற்று முடிவதில்லை. திறந்த தொட்டிக்குக் கொக்கும் மீன்கொத்தியும் வரும். அதனால் வலை கட்டி மூடுங்கள். தொட்டித் தண்ணீரில் கைவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிடித்த நத்தையை எங்கே போடுவது?

சாக்கடையிலோ வாய்க்காலிலோ குளத்திலோ போடவே கூடாது. இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 1980-ஆம் ஆண்டு வாக்கில் தென் அமெரிக்க ஆப்பிள் நத்தையை உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். அது தப்பி, பரவி, பிலிப்பைன்ஸ் வரைக்கும் நெல் நாற்றைத் தின்று விவசாயிகளை அழ வைத்தது. நம் ஊரிலும், கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீன், வேண்டாமென்று விடப்பட்டு இன்று பல நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. பிடித்த நத்தையைக் கொதிநீரில் போட்டுக் கொன்று எருக்குழியில் சேருங்கள். கோழி, வாத்து வளர்ப்போர் நன்றாக வேகவைத்து நசுக்கிக் கொடுக்கலாம். ஓட்டில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பச்சையாகக் கொடுக்க வேண்டாம். மருந்து போட்ட தொட்டியின் நத்தை தீவனத்துக்கு ஆகாது.

அடியோடு ஒழித்தே தீரவேண்டும் என்றால், மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, மணலையும் கல்லையும் தனியே எடுத்துக் கொதிநீரில் போட்டு, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குள் கொதிநீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். புதிதாக அமைத்த தொட்டியில் நல்ல நுண்ணுயிர்கள் பெருக நாளாகும். அதனால் முதலில் சில மீன்களை மட்டும் விடுங்கள்.

ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. நாலைந்து நத்தை இருப்பதால் கெடுதல் இல்லை. பாசியையும் மீதியையும் தின்று அவை தொட்டியைச் சுத்தமாகவே வைக்கும். மணலில் புதைகிற நத்தை பகலிலேயே கூட்டமாகக் கண்ணாடிமேல் ஏறினால், தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கிறதா, அடியில் ஏதாவது அழுகுகிறதா என்று பாருங்கள். காசில்லாமல் கிடைக்கிற எச்சரிக்கை அது.

அந்த அம்மா இப்போது என்ன செய்கிறார் என்று சொல்லி முடிக்கிறேன். மிச்சமிருந்த மூன்று தொட்டிகளில் மருந்து எதுவும் போடவில்லை. மத்தியானத் தீவனத்தை நிறுத்தினார். கைக்குப் பதில் ஒரு சின்ன மூடியால் அளந்து போட்டார். வாரம் மூன்று இரவு முட்டைகோஸ் இலை வைத்தார். இரண்டு மாதம் கழித்து வியாபாரி வந்து வலை விட்டபோது நாலைந்து நத்தைதான் ஏறியது. மீனை எடுத்துக்கொண்டு போனார். "தீவனச் செலவும் குறைஞ்சிருக்கு அண்ணே" என்றார் அந்த அம்மா. காலியாகக் கிடந்த நாலாவது தொட்டியையும் கழுவி வெயிலில் காயப் போட்டிருந்தார்.

உங்கள் வீட்டுத் தொட்டியில் நத்தை கூடியிருந்தால், இன்று இரவு தீவன டப்பாவை எடுக்கும்போது ஒரு நிமிடம் நின்று, நேற்றுப் போட்டது மிச்சம் கிடக்கிறதா என்று அடிமணலைப் பாருங்கள். கிடந்தால் இன்றைக்குப் போட வேண்டாம். அங்கிருந்து தொடங்குங்கள்.